காணொளி அறையின் மூன்றாவது நாற்காலி

2014ஆம் ஆண்டு நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.40. நெய்வேலியில் காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வானம் சாம்பல் நிறம். சாலையோர மரங்களில் படிந்திருந்த நிலக்கரித் தூள் கழுவப்பட்டு, இலைகள் தம் உண்மையான பச்சையில் இருந்தன.

இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரியும். இனி எழுதப்போவதும் இதே அளவு உறுதியானதுதான். நான் இருந்த அறையில், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கையில், பகலில் நடந்தது. கேள்விப்பட்ட செய்தி என்று இதில் ஒன்றே ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொன்னவர் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர். எனக்குப் பேய்களில் நம்பிக்கை இருந்ததில்லை. நம்பிக்கை என்பது வேறு, நடந்தது என்பது வேறு.

நான் அப்போது டவுன்ஷிப் அலுவலகம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தேன். விசாரணைகளில் தமிழில் சொல்லப்படும் சாட்சியத்தை ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் எழுதித் தருவது என் பணி. அன்றைய விசாரணை வைத்திலிங்கம் என்பவரைப் பற்றியது. பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்தவர். தனியார் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் கூலிக்கு இருந்தவர். மழைக்காலத்தில் சுரங்கப் பள்ளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முந்தைய ஆண்டு, தீபாவளி கழிந்த வாரத்தில், கரை சரிந்து இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து, சுரங்க நீர் வெளியேறும் கால்வாயில் உடல் கிடைத்தது.

வேலையில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்கு அந்த நிறுவனம் வேலை தர வேண்டும். அது ஒப்பந்தத்தில் இருந்தது. நிறுவனமோ, அன்று அவர் வேலைக்கே வரவில்லை, வெளியே எங்கோ கால்வாயில் விழுந்திருப்பார் என்றது. கைரேகைக் கருவியில் அவர் விரல் பதியவில்லை. அன்று காலை அந்தக் கருவி பழுதாகிக் கிடந்ததாக அவர் மனைவி செல்லக்கிளி சொன்னார். அதை உறுதிசெய்யக் கூடியவர் ஒருவர்தான். உடன் வேலை பார்த்த செங்குட்டுவன். அவர் விபத்து நடந்த மாதமே திருப்பூருக்குப் போய்விட்டார். அழைப்பு அனுப்பியும் வரவில்லை. இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் ‘வரவில்லை’ என்று நானே இரண்டு முறை எழுதியிருந்தேன்.

எஞ்சியது செல்லக்கிளியின் வாய்ச்சொல் மட்டும்.

விசாரணை அதிகாரி சண்முகசுந்தரம் சென்னையில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து பயணம் செய்ய முடியாத நிலை. ஆகவே காணொளி. அவர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். சாட்சி சொல்பவரின் முகம் தொடக்கம் முதல் முடிவு வரை தெளிவாகத் தெரிய வேண்டும். இடையில் உடைந்தால் அந்தச் சாட்சியம் செல்லாது. ஏற்கெனவே இரண்டு அமர்வுகள் படம் உடைந்து பாதியில் நின்றன. இது மூன்றாவது. இதுவும் நின்றால் தாள்களை மட்டும் வைத்து முடிவு எழுதிவிடுவதாகச் சொல்லியிருந்தார். தாள்களில் அந்த விரல் பதிவு இல்லை. முடிவு என்னவாக இருக்கும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

செல்லக்கிளியின் மகள் எழில்மதி மின்பொறியியலில் டிப்ளமோ முடித்தவள். காடாம்புலியூரில் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கறுத்து உரிந்திருந்தன. நிறுவனம் தர வேண்டிய அந்த வேலை அவளுக்குத்தான் கிடைக்க வேண்டியது.

காணொளி அறையைப் பார்த்துக்கொண்டவர் தமயந்தி. டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா தென்காசிப் பக்கம், அம்மா சேலம். பேச்சை வைத்து ஊர் சொல்ல முடியாது.

“ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புறோம் சார்,” என்றார். “ஒரு அம்மாவோட முகத்தச் சென்னைக்கு அனுப்ப முடியல. வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

“ஏன் உடைகிறது?”

“வீடியோ முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பாது சார். எது அசையுதோ அத மட்டும்தான் அனுப்பும். சுவரு ஒரு தடவ போச்சுன்னா அவ்ளோதான். அசையாத வரைக்கும் அதுக்குச் செலவே இல்ல. அசைவு கூடிப்போச்சுன்னா நம்ம லைன் தாங்காது. கட்டம் கட்டமா உடைஞ்சிரும்.”

“அப்படியானால் அறையில் என்ன அசைகிறது?”

“அதான் தேடிட்டு இருக்கேன்.”

அவர் முறையாகத் தேடினார். முதலில் மின்விசிறியை நிறுத்தினார். கோடு போட்ட திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, ஒரே நீலத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அதன் அடி ஓரத்தைச் சுவரோடு ஒட்டினார். நாட்காட்டியை எடுத்தார். நொடிமுள் ஓடும் கடிகாரத்தை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருந்த குழல்விளக்கை மாற்றினார். கட்டம் போட்ட சேலை வேண்டாம் என்று செல்லக்கிளிக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணொளிக் கருவி வருவதற்கு முன், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏதேனும் கேட்டு வந்தால் காத்திருக்கும் அறை அது. நாற்காலிகள் இருந்தன. அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை. கதவுக்கு இடப்புறம், சுவரோரமாக நிற்பார்கள். தோள் பட்டுப் பட்டு அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை படிந்திருந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தும் அது போகவில்லை.

செல்லக்கிளியும் அப்படித்தான். முதல் அமர்வில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சென்னையிலிருந்து சண்முகசுந்தரம், “உக்காருங்கம்மா,” என்று சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

2.40க்கு நானும் தமயந்தியும் எழில்மதியும் அறையில் இருந்தோம். தமயந்தி, எழில்மதியைச் சாட்சியின் நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தார். படம் கண்ணாடி போல் இருந்தது. அவள் காதிலிருந்த சிறு கம்மலின் கல்கூடத் தெரிந்தது.

“பாத்தீங்களா சார். லைன்ல ஒரு குறையும் இல்ல.”

2.52. செல்லக்கிளி உள்ளே வந்தார். ஒரே சாம்பல் நிறச் சேலை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாகச் சொன்னார்.

தமயந்தியின் மடிக்கணினியில் அனுப்பும் அளவைக் காட்டும் எண் ஒன்று உண்டு. முந்நூறுக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஏறத் தொடங்கியது. அறுநூறு. ஆயிரத்து நூறு.

செல்லக்கிளி கதவருகில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“எங்க அம்மா மூஞ்சி அதுக்கு ஆவல போல,” என்றாள் எழில்மதி.

3.00. சென்னை இணைப்பு கிடைத்தது. பெரிய திரையில் சண்முகசுந்தரம். அவருக்கு வலப்புறம் சங்கரலிங்கம். ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர். வைத்திலிங்கத்துக்கு நாள்தோறும் வேலை பிரித்துக்கொடுத்தவர். ‘அன்று அவர் வரவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டவரும் அவரே. எங்கள் படம் அதே திரையின் மூலையில் சிறியதாகத் தெரிந்தது. அதில் செல்லக்கிளியும், பக்கத்து நாற்காலியில் எழில்மதியும் இருந்தார்கள். வேறு எவரும் இல்லை. நானும் தமயந்தியும் கேமராவுக்குப் பின்னால் நின்றோம்.

“பேர் சொல்லுங்கம்மா.”

“செல்லக்கிளிங்க. வூட்டுக்காரரு பேரு வைத்திலிங்கங்க. அன்னிக்கி...”

படம் உடைந்தது. அவர் முகம் சிறு சிறு சதுரங்களாகச் சிதறி அப்படியே நின்றது.

“மறுபடியுமா?” சண்முகசுந்தரத்தின் குரல் விட்டுவிட்டு வந்தது. “அங்க நிக்கிறவர் அசையாம நிக்கட்டும். இப்படிப் பாத்துச் சாட்சியம் எழுத மாட்டேன். பத்து நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா நான் எழுதிருவேன்.”

என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் அசையாமல் நின்றேன். நான் நின்ற இடம் கேமராவின் பார்வைக்குள் வராது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3.06. தமயந்தி ஒலியை நிறுத்தினார். மடிக்கணினியில் வேறொரு திரையைத் திறந்தார். அதில் படம் வராது. முழுக்கக் கறுப்பு. அசையும் இடங்களில் மட்டும் சிறு பச்சைக் கட்டங்கள் தோன்றி மறையும்.

செல்லக்கிளியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு கட்டங்கள். இமைப்பது, மூச்சு விடுவது. எழில்மதியிடம் அவ்வளவுகூட இல்லை.

இடப்புறம் சுவரோரமாக ஒரு நெடிய கட்டத் திரள்.

ஆள் உயரம்.

“நிழலா இருக்கும்,” என்றேன்.

“யாரோட நிழல் சார்?”

நான் அறையைப் பார்த்தேன். அங்கே நீலத் துணி. அதற்குப் பக்கத்தில் வெறும் சுவர். கறுப்புப் பட்டை. வேறொன்றும் இல்லை.

தமயந்தி கேமராவின் மூடியை மூடினார். கட்டங்கள் எல்லாம் மறைந்தன. திறந்தார். வந்தன.

“கருவியில கோளாறு இல்ல சார். அது பாக்குறதத்தான் சொல்லுது.”

திரளின் அடியில், தரையை ஒட்டி, இரண்டு சிறு கொத்துகள். ஒரே நேரத்தில் அல்ல. முதலில் இடது. பிறகு வலது. மீண்டும் இடது. நிதானமாக... ஒரே சீராக...

நான் அந்தச் சுவரை நோக்கிப் போனேன். துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. எழுத்தில் ஒரு பிழை தெரிந்தால் கை தானாகப் போவதுபோல் கால் போனது. கறுப்புப் பட்டைக்கு முன்னால் போய் நின்றேன். குளிர்ச்சி இல்லை. வாடை இல்லை. ஒன்றுமே இல்லை.

“சார்.” தமயந்தியின் குரல் தணிந்திருந்தது.

“என்ன?”

“நீங்க வந்ததும்... அது தள்ளி நிக்குது.”

“எங்கே?”

“உங்களுக்கு எடம் விட்டு... ஒரு அடி தள்ளி... கொஞ்சம் குனிஞ்ச மாதிரி...”

நான் திரும்பி வந்தேன். எனக்கு அப்போது பயம் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

செல்லக்கிளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாங்க ஐயா?”

தமயந்தி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். பச்சைக் கட்டங்கள் என்றால் என்ன என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னார். செல்லக்கிளி தரையை ஒட்டிய அந்த இரண்டு கொத்துகளை நெடுநேரம் பார்த்தார். இடது. வலது. இடது.

அவர் அழவில்லை. கத்தவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

“அவருதாங்க.”

“அம்மா, சும்மா இரு,” என்றாள் எழில்மதி.

“நீ இருடி. எனக்குத் தெரியாதா? பம்புத் தண்ணியில ஊறி ஊறி ரெண்டு பாதமும் வெடிச்சிக் கெடக்கும். ஒரு எடத்துல நிக்க முடியாது. இப்பிடித்தான் கால மாத்தி மாத்தி வெச்சிகினு நிப்பாரு. ரேசன் கடையில நின்னாலும் இப்பிடித்தான். உங்கப்பன் காலு எனக்குத் தெரியாதா?”

எழில்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

3.11. ஐந்து நிமிடம் போயிருந்தது.

“நிக்கிறதுதாங்க தொந்தரவா?” என்று என்னைக் கேட்டார் செல்லக்கிளி.

“அசைவுதான் தொந்தரவு.”

“உக்காந்தா அசைய மாட்டாருங்க. உக்காந்தாருன்னா கல்லு மாரி உக்காருவாரு.”

“உட்காரச் சொல்லுங்கள்.”

“நான் சொன்னா கேக்க மாட்டாருங்க ஐயா. ஆபீசுங்களே இது. ஆபீசருங்க சொன்னாத்தான் உக்காருவாரு. நீங்க சொல்லுங்க.”

அறையில் ஆபீசர் என்று இருந்தது நான் ஒருவன்தான். இருபத்தாறு ஆண்டுப் பணியில் அந்தச் சுவரோரம் நின்ற எவரிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

சொன்னேன். சுவரைப் பார்த்து.

“உட்காருங்கள்.”

கட்டங்கள் மாறவில்லை. இடது... வலது...

“நாற்காலி இல்ல சார்,” என்றார் தமயந்தி.

உண்மைதான். கேமராவுக்கு முன் இருந்தவை இரண்டே நாற்காலிகள். இரண்டிலும் ஆள் இருந்தது. மூலையில் அடுக்கியிருந்தவற்றில் ஒன்றை எடுத்துவந்தேன். செல்லக்கிளிக்கு இடப்புறம், சுவரை ஒட்டிப் போட்டேன். அதன் முதுகைக் கைக்குட்டையால் துடைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

“உட்காருங்கள், வைத்திலிங்கம்.”

தமயந்தி மூச்சை உள்ளிழுத்தார்.

“என்ன?”

“நடக்குது...”

நெடிய திரள் நகர்ந்தது.

நாற்காலி வரை வந்தது.

நின்றது.

பிறகு மேலிருந்து... கொஞ்சம் கொஞ்சமாக... இறங்கியது.

பாதி உயரம்.

நாற்காலியின் கால் தரையில் ‘க்ரீச்’ என்றது.

ஒரே ஒருமுறை.

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கறுப்பு.

எண் முந்நூறு.

3.15. தமயந்தி ஒலியைத் திறந்தார். திரையில் சண்முகசுந்தரத்தின் முகம் தெளிந்தது.

“இப்பத்தான் நல்லாத் தெரியுது,” என்றார். “முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல? சரி, சொல்லுங்கம்மா.”

செல்லக்கிளி சொன்னார். நான் எழுதினேன்.

“அன்னிக்கி விடிகாலம் அஞ்சரைக்கெல்லாம் பொறப்பட்டாருங்க. மழ விடாம ஊத்திகினு இருந்துச்சி. இன்னிக்கி ஒருநா நில்லுன்னேன். நின்னா பம்பு முழுவிடும், காண்ட்ராக்டு ஆள ஒருநாள்ல மாத்திடுவாங்கன்னாரு. புளிசோறு கட்டிக் குடுத்தேன். செங்குட்டுவன் செல்லுல இருந்து எட்டு மணிக்குப் பேசுனாரு. கை வெக்கிற மிசினு ரிப்பேரு, சாயந்தரம் சொல்லி எழுதிக்கணும்னாரு. அவ்ளோதாங்க. அப்புறம் பேசல.”

படம் ஒருமுறைகூட உடையவில்லை. நான் மொழிபெயர்ப்பில் இருந்த ஆண்டுகளில் அவ்வளவு தெளிவான காணொளியைப் பார்த்ததில்லை. மூலையிலிருந்த எங்கள் சிறு படத்தில் மூன்று நாற்காலிகள் தெரிந்தன. மூன்றாவது காலியாக இருந்தது.

3.31க்கு ஒலி நின்றது.

படம் இருந்தது. ஒலி மட்டும் இல்லை. சண்முகசுந்தரத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ கேட்கிறார். செல்லக்கிளியிடம் அல்ல. அவர் பார்வை செல்லக்கிளிக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டார். காத்திருந்தார். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். மீண்டும் கேட்டார்.

அவருக்கு வலப்புறத்தில் சங்கரலிங்கம் எழுந்துவிட்டிருந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்தார். பிறகு திரையிலிருந்து விலகினார். மறுபடி வரவில்லை.

தமயந்தி கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 3.36க்கு ஒலி வந்தது.

“...போதும். ரொம்ப நல்லது. முடிச்சுக்கலாம்.”

இணைப்பு அறுந்தது. ‘விசாரணையின் இறுதியில் ஐந்து நிமிடம் ஒலி தடைப்பட்டது’ என்று எழுதினேன். அது பிழையற்ற வாக்கியம்.

செல்லக்கிளியும் எழில்மதியும் வடக்குத்துக்குத் திரும்பினார்கள். கதவருகில் செல்லக்கிளி நின்று, சுவரோரம் பார்த்து, “வாய்யா, வூட்டுக்குப் போலாம்,” என்றார். எழில்மதி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தமயந்தி நாற்காலிகளை அடுக்கப் போனார். மூன்றாவதை எடுத்தவர் உடனே கீழே வைத்துவிட்டார்.

இருக்கை நனைந்திருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. ஓரத்தில் ஈரச் சேறு, சுரங்கத்துக் கறுப்பு.

“துடைச்சிரவா சார்?”

“வேண்டாம். காயட்டும்.”

அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொள்ளவில்லை. வேலை வழக்கம்போல் நடந்தது. மின்விசிறி சுழன்றது, கடிகாரம் தன் இடத்துக்குப் போனது. மற்ற கூட்டங்களில் படம் எப்போதும்போல் சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் வந்தது. அந்த நாற்காலியை மட்டும் தமயந்தி மூலையில் அடுக்கவில்லை. சுவரோரமாகவே விட்டுவைத்தார். பெருக்க வருபவர் ஒதுக்கிப் போட்டாலும் மறுநாள் அங்கேயே கொண்டுவந்து போட்டார்.

2015 சனவரி 9, வெள்ளிக்கிழமை. வெயில். சண்முகசுந்தரம் ஊன்றுகோலுடன் நெய்வேலிக்கு நேரில் வந்தார். தன் முடிவைத் தபாலில் அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. கையொப்பமிட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்பார். செல்லக்கிளி வருவதற்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. காணொளி அறையில் தேநீர் குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார்.

“இதே அறைதானே?”

“ஆமாம் ஐயா.”

“அந்த அம்மா பக்கம்தான் எழுதியிருக்கேன். பொண்ணுக்கு வேலை. ஆனா உண்மையச் சொன்னா, அந்த அம்மா சொன்னது மட்டும் போதாது. மனைவி சொல்றத மட்டும் வெச்சு எழுத முடியாது பாருங்க. இரண்டாம் சாட்சிதான் காப்பாத்துனாரு.”

தேநீரைக் கீழே வைத்தேன்.

“இரண்டாம் சாட்சியா?”

“செங்குட்டுவன். கூட வேலை பார்த்தவர். நல்லவேளை, கடைசி நாள்லயாவது முன்னால வந்து உக்காந்தாரே. மொதல்ல சுவரோரமா நின்னுட்டே இருந்தாரு. முந்தின ரெண்டு தடவையும் அவர்தான்னு நினைக்கிறேன், கட்டம் கட்டமாத் தெரிஞ்சுதே. ஏன் ஒரு நாற்காலி போட மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு வருத்தம். அப்புறம் நீங்க போட்டீங்க.”

தமயந்தி கதவருகில் அப்படியே நின்றுவிட்டார்.

“மழையில நனைஞ்சு வந்திருப்பாரு போல. தலையெல்லாம் ஈரம். ஒரு துண்டு குடுத்திருக்கலாம் நீங்க.”

“அவர்... பேசினாரா?”

“இல்ல. நான் கேட்டதுக்கெல்லாம் தலை அசைச்சாரு. அந்த ஷிப்டுல இருந்தீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. மிசினு ரிப்பேரான்னு கேட்டேன். ஆமான்னாரு. கடைசியா, வைத்திலிங்கம் அன்னைக்குப் பள்ளத்துல எறங்குனாரா, நீங்க சத்தியமாச் சொல்ல முடியுமான்னு கேட்டேன்.”

அவர் தன் வலக்கையைத் தூக்கினார்.

“இப்படி... தன் நெஞ்சுல கைய வெச்சாரு. வெச்ச கைய எடுக்கவே இல்ல. எத்தனையோ சாட்சிகளப் பாத்திருக்கேன். அப்படி ஒரு சத்தியத்தப் பாத்ததில்ல.”

சங்கரலிங்கம் என்ன சொன்னார் என்று கேட்டேன். என் குரல் சீராக இருந்தது.

“அதான் எனக்கு ஆச்சரியம். குறுக்குக் கேள்வி உண்டான்னு கேக்கத் திரும்புறேன், மனுஷன் எழுந்து வெளிய போறாரு. தாழ்வாரத்துல உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. ‘அவரு வேலைக்கு வந்தாருங்க’ன்னு. அத எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. மறுநாளே வேலைய விட்டுட்டாராம்.”

என் முன்னால் கோப்பு இருந்தது. இரண்டாம் சாட்சி வரவில்லை என்று மூன்று அமர்வுகளுக்கும் என் கையால் எழுதியது. வராத ஒருவரின் சாட்சியத்தின் பேரில் ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கிறது. பிழை. பெரிய பிழை. நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். பிழையைக் கண்டும் வாய் திறக்காமல் இருந்தது என் பணிக்காலத்தில் அதுதான் முதல் முறை.

கோப்பை மூடினேன்.

செல்லக்கிளியும் எழில்மதியும் வந்தார்கள். செல்லக்கிளி அதே சாம்பல் சேலையில் இருந்தார். சண்முகசுந்தரம் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். அவர்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“செங்குட்டுவன் வரலையா?”

எழில்மதி, “அவரு திருப்...” என்று தொடங்கினாள்.

செல்லக்கிளி மகளின் கையைத் தொட்டார். என்னைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த அந்த நாற்காலியைப் பார்த்தார்.

“அன்னிக்கி வந்தவருதானுங்களே? அவரு வேல முடிஞ்சிதுங்க ஐயா. இனிமே வர மாட்டாரு.”

சண்முகசுந்தரம் தலையசைத்தார். கையொப்பமிட்ட தாள்களை உறையிலிருந்து எடுத்தார்.

“உக்காருங்கம்மா” என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், யாரும் சொல்லாமலே, செல்லக்கிளி நேராகப் போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். சண்முகசுந்தரம் முடிவை அவற்றில் வைத்தார்.